துகாசெவ்ஸ்கி அஞ்சல்தலை (சோவியத் ஒன்றியம், 1963, 4 கோபெக்): எதை வாங்கலாம், எதை விடலாம்

பழைய சோவியத் அஞ்சல்தலைகள் விற்கும் இணையக் கடைகளில் தேடினால் சுலபமாகக் கிடைக்கும் தலை இது. படத்தில் இருப்பவர் மார்ஷல் மிகயீல் துகாசெவ்ஸ்கி. ஒற்றைத் தலையாக வாங்கினால், தலையின் விலையைவிட அதை அனுப்பும் செலவே பெரும்பாலும் கூடுதலாக வரும். விலை குறைவு என்பதால் ஒதுக்கிவிட வேண்டாம். செம்படையின் (சோவியத் இராணுவம்) முதல் தலைமுறைத் தளபதிகளைச் சேகரிப்பவர் முதலில் வாங்க வேண்டிய தலை இதுதான்.

அது வெளியான 1963-ஆம் ஆண்டைப் பாருங்கள். ஸ்டாலின் ஆட்சியில், 1937 ஜூன் 11 அன்று மூடிய அறையில் ஒரே நாளில் விசாரணை முடிந்தது. யகீர், உபொரேவிச் உள்ளிட்ட ஏழு தளபதிகளோடு துகாசெவ்ஸ்கியும் அன்றிரவே சுட்டுக் கொல்லப்பட்டார். ஜெர்மனிக்கு உளவு பார்த்ததாகக் குற்றச்சாட்டு. அதன்பின் வரலாற்று நூல்களிலிருந்தும் படங்களிலிருந்தும் அவரை எடுத்துவிட்டார்கள். 1957 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தின் இராணுவப் பிரிவு அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. 1961 அக்டோபரில் கம்யூனிஸ்ட் கட்சியின் 22-வது மாநாட்டில் அன்றைய சோவியத் தலைவர் குருஷ்சேவ் இந்தக் கொலைகளை வெளிப்படையாகப் பேசினார். அதன்பின் 1963-ல், துகாசெவ்ஸ்கி பிறந்த 70-வது ஆண்டில், இந்தத் தலை வந்தது. 4 கோபெக் என்பது 1961 நாணயச் சீர்திருத்தத்துக்குப் பின் உள்நாட்டுச் சாதாரணக் கடிதத்துக்கான கட்டணம். அதாவது, நாடு முழுவதும் அன்றாடம் போய்வரும் கடிதங்களில் ஒட்டுவதற்கான தலை. நேற்றுவரை ‘மக்கள் விரோதி’ என்று சொல்லப்பட்டவரின் முகத்தை அந்தக் கட்டணத்தில் அச்சிட்டதுதான் இதன் முக்கியத்துவம்.

இனி வாங்கும் விஷயம். மூன்று நிலைகளில் விற்பனைக்கு வரும்: முத்திரை படாத மின்ட், முத்திரை குத்தியது, கவரோடு இருப்பது. நடுவில் உள்ளதில்தான் புதியவர்கள் ஏமாறுகிறார்கள். சேகரிப்பாளர்களுக்கு விற்பதற்காகவே சோவியத் அரசு தலைகளுக்கு மொத்தமாக முத்திரை குத்தி வெளிநாடுகளுக்கு அனுப்பியது. இந்த வகையை சி.டி.ஓ. (கேன்சல்டு டு ஆர்டர்) என்பார்கள். கண்டுபிடிப்பது எளிது: முத்திரை ஒரு மூலையில் கால் வட்டமாக, மை சீராக, முகத்தைத் தொடாமல் விழுந்திருக்கும். திருப்பிப் பார்த்தால் பசை அப்படியே இருக்கும். பசை இருக்கிறதென்றால் அது எந்தக் கடிதத்திலும் ஒட்டப்படவில்லை. இதை ‘யூஸ்டு’ என்று போட்டுக் கூடுதல் விலை கேட்டால் கொடுக்காதீர்கள். மின்ட் வாங்கினால் பின்பக்கப் படமும் கேளுங்கள். பழைய ஆல்பத்திலிருந்து பிய்த்த தலையில் ஹிஞ்ச் (தலையை ஆல்பத்தில் ஒட்டும் சிறு காகிதத் துண்டு) ஒட்டிய தடம் பசையில் தெரியும். விலை பாதிக்கும் கீழே போக வேண்டும். ஓரத் துளைகளில் ஒரு பல் குட்டையாக இருந்தாலும் விட்டுவிடலாம், நல்ல பிரதி தாராளமாகக் கிடைக்கிறது.

கவரோடு கிடைத்தால் அதையே எடுங்கள். மூன்று சோதனை போதும். முத்திரை தலையிலும் கவரிலும் சேர்ந்தாற்போல் விழுந்திருக்க வேண்டும். தேதி 1963 அல்லது அதை ஒட்டிய ஆண்டுகளாக இருக்க வேண்டும். பின்பக்கம், கடிதம் போய்ச் சேர்ந்த ஊரின் முத்திரை இருந்தால் இன்னும் நல்லது. ஏற்கெனவே தலை அச்சிட்ட கவரில், கட்டணம் அதிலேயே அடங்கியிருந்தும், இதையும் ஒட்டியிருந்தால், பதிவுத் தபாலா, விமானத் தபாலா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால், சேகரிப்பாளருக்காகச் செய்த கவராக இருக்க வாய்ப்பு அதிகம்.

குறை ஒன்று உண்டு, அது அச்சில் இல்லை. இந்தத் தலை ஒரு வீரரைக் காட்டுகிறது, அவ்வளவுதான். துகாசெவ்ஸ்கி பிரபுக் குடும்பத்தவர், ஜார் படையின் அதிகாரி, முதல் உலகப் போரில் ஜெர்மானியரிடம் சிறைப்பட்டு 1917-ல் தப்பியவர். 1918-ல் கட்சியில் சேர்ந்த சில மாதங்களில், 25 வயதில், முதலாம் படையின் தளபதி. உள்நாட்டுப் போரில் சிம்பீர்ஸ்க் நகரைப் பிடித்தார், புரட்சிக்கு எதிரான வெண்படைத் தலைவர் கல்சாக்கின் படையை விரட்டியதில் பங்கு உண்டு. 1920 ஆகஸ்டில் போலந்துப் போரில் வார்சா வாசலில் படுதோல்வி. தோல்வி யாரால் என்ற சண்டையில் ஸ்டாலினோடு ஏற்பட்ட கசப்பு கடைசிவரை தீரவில்லை. 1921-ல் கிரான்ஸ்டட் கடற்படைத் தள மாலுமிகளின் எழுச்சியை ஒடுக்கினார். அதே ஆண்டு கிளர்ந்தெழுந்த தம்போவ் பகுதி விவசாயிகள் மீது விஷவாயு பயன்படுத்த உத்தரவிட்டவரும் இவர்தான். டாங்கி, விமானம், பாராசூட் படை மூன்றையும் சேர்த்து எதிரியின் ஆழத்தில் அடிக்கும் போர்முறையை வளர்த்ததும், 1935-ல் முதல் ஐந்து மார்ஷல்களில் ஒருவரானதும் அதே மனிதர்தான். ஆல்பத்தில் தலைக்குக் கீழே குறிப்பு எழுதுபவர்கள் தம்போவையும் சேர்த்து எழுதுங்கள். அநியாயமாகக் கொல்லப்பட்டார் என்பதால் அவர் செய்தது இல்லாமல் போகாது.

குறிப்பில் வீழ்ச்சியின் தேதிகளையும் சரியாகப் போடுங்கள், விற்பனையாளர் விவரங்களில் குழப்பம் நிறைய. 1937 மே மாதம் துணை மக்கள் ஆணையர் (துணைப் பாதுகாப்பு அமைச்சர் போன்ற பதவி) பொறுப்பிலிருந்து வோல்கா இராணுவ மாவட்டத்துக்கு அவரை இறக்கினார்கள். மே 22 அன்று கூபிஷெவில் கைது. சில நாட்களிலேயே ஒப்புதல் வாக்குமூலம். அந்தத் தாள்களில் இருந்த பழுப்புக் கறைகள் இரத்தம் என்று பிற்காலப் பரிசோதனையில் தெரிந்தது. தீர்ப்பு சொன்ன நீதிபதிகளில் ஒருவரான மார்ஷல் புளூகர், அடுத்த ஆண்டு நவம்பரில் காவலிலேயே சித்திரவதையால் இறந்தார். ஐந்து மார்ஷல்களில் தப்பியவர்கள் வரஷீலவும் புத்யோனியும் மட்டுமே.

பாதுகாப்பு பற்றி: ஈரக்காற்று அடிக்கும் ஊரில் பசையுள்ள தலை ஆல்பத் தாளோடு ஒட்டிக்கொள்ளும், பழுப்புப் புள்ளியும் விழும். பி.வி.சி. உறை வேண்டாம், அது நாளடைவில் மையைக் கெடுக்கும். பாலியஸ்டர் உறையில் போட்டு, ஆல்பத்தைப் படுக்க வைக்காமல் நிறுத்தி வையுங்கள். பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று. கையால் தொடாமல் இடுக்கியால் எடுங்கள். காகிதத்தோடு வந்த தலையை வெதுவெதுப்பான நீரில் 15 முதல் 20 நிமிடம் ஊறவிட்டால் தானே கழன்றுவரும், இழுக்கக் கூடாது. முழுக் கவரிலிருந்து மட்டும் தலையைப் பிரிக்கவே வேண்டாம், தேதி முத்திரையோடு இருக்கும் வரைதான் அதற்கு மதிப்பு.