தீபாவளிச் சுற்றுலாவுக்கு முழுப்பணத்தையும் முன்கூட்டியே அனுப்பாதீர்கள்: 28,000 ரூபாவை இழந்தோம்

மூன்று நாள்களுக்கு முன், தீபாவளியன்று, ஏமாற்றப்பட்டு 28,000 ரூபாவை இழந்தேன். வேறு எவரும் அதே ஆளிடம் அகப்படக்கூடாது என்பதற்காக, கோபம் ஆறும்வரை காத்திராமல் இதை எழுதுகிறேன்.

பல ஆண்டுகளாகக் கொழும்பில் வசிக்கும் நாங்கள், இம்முறை அம்மாவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு யாழ்ப்பாணத்துக்கு வந்திருந்தோம். நல்லூர்க் கந்தனைக் கும்பிட்டு, கீரிமலைக் கேணியில் பிள்ளைகளைக் குளிக்கவைத்து, குறிகட்டுவானில் படகேறி நயினாதீவு நாகபூசணி அம்மனைத் தரிசித்துவிட்டு, மாலையில் கோட்டையைப் பார்ப்பதென்று முடிவுசெய்து, ஒருநாள் சுற்றுலா ஒழுங்குசெய்வதாகச் சமூக வலைத்தளத்தில் விளம்பரம் போட்டிருந்த ஒரு பக்கத்தைத் தொடர்புகொண்டேன்.

பேசியவர் காசைப் பற்றி முதலில் வாயே திறக்கவில்லை. வயதானவர்கள் வருகிறார்களா என்றுதான் கேட்டார். அம்மாவுக்கு முழங்கால் வலி என்றதும், "அம்மாவை முன் சீற்றில இருத்துவம் அக்கா, படகில ஏறேக்க நானே கைபிடிச்சு ஏத்திவிடுவன்" என்றார். அந்தச் சொல்லில்தான் நம்பினேன். பண்டிகை நாளில் வான் கிடைக்காது, படகையும் முற்பதிவு செய்ய வேண்டும் என்று அவர் சொன்னதும் அன்றிரவே 28,000 ரூபாவை வங்கிக் கணக்குக்கு அனுப்பினேன். நயினாதீவுப் படகில் ஏறிய பிறகுதான் காசு கொடுப்பது வழக்கம் என்பதை உறவினர்கள் பின்னர் சொன்னார்கள்.

வான் காலை ஐந்தரைக்கு வர வேண்டும். அம்மா நான்கு மணிக்கே எண்ணெய் வைத்து முழுகி, புதுச் சேலை உடுத்து, அம்மனுக்குக் கட்டிய மல்லிகை மாலையை மடியில் வைத்தபடி கேற்றடியில் கதிரை போட்டு இருந்தார். ஆறு மணிக்கு "வந்துகொண்டிருக்கிறன்" என்றார்கள். ஏழு மணிக்கு "ரயர் காத்துப் போட்டுது" என்றார்கள். எட்டரைக்குப் பிறகு தொலைபேசி வேலை செய்யவில்லை. பத்து மணிவரை அம்மா அந்தக் கதிரையை விட்டு எழும்பவில்லை. பிறகு ஓட்டோ பிடித்து நல்லூருக்கு மட்டும் போய், வாடிய மாலையை அங்கே கொடுத்துவிட்டு வந்தோம்.

மறுநாள் வேறொரு எண்ணிலிருந்து பேசிய பெண், முதலாளி ஊரில் இல்லை என்றார். அதற்கடுத்த நாள், காசு சாரதியிடம் போய்விட்டது, அவரிடம்தான் கேட்க வேண்டும் என்றார். சாரதியின் எண்ணைக் கேட்டபோது, நாங்கள் சொன்ன இடத்தில் நிற்கவில்லை என்று எங்கள் மீதே பழியைப் போட்டார். இப்போது என் எண்ணையே தடுத்துவிட்டார்கள். 28,000 ரூபாவுக்கு என்னிடம் பற்றுச்சீட்டுக்கூட இல்லை.

தயவுசெய்து வானைக் கண்ணால் பார்க்காமல் முழுத்தொகையையும் அனுப்பாதீர்கள். சாரதியின் எண்ணை முதல்நாளே வாங்குங்கள். குறிகட்டுவானுக்கு யாழ். பேருந்து நிலையத்திலிருந்து பஸ் ஓடுகிறது. ஏமாற்றப்பட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற எண்ணில் முறையிடலாம். பொலிஸிலும் முறைப்பாடு பதியுங்கள், நான் இன்று பதியப் போகிறேன்.

இன்று காலை அந்தப் பக்கத்தில் அதே வானின் படத்துடன் நத்தார் விடுமுறைக்கு முற்பதிவு தொடங்கியிருக்கிறது.