சில்வர் ஈகிளா, ஐக் டாலரா? தரம் பார்க்கப் பழக எது நல்லது

சில்வர் ஈகிள், ஐக் டாலர் இரண்டும் அமெரிக்க நாணயங்கள். இரண்டின் முகமதிப்பும் ஒரு டாலர். இரண்டின் வழக்கமான பின்பக்கத்திலும் கழுகு. ஒற்றுமை அதோடு முடிந்துவிடுகிறது.

சில்வர் ஈகிள் 1986இல் தொடங்கியது. 99.9 விழுக்காடு வெள்ளி, எடை ஒரு டிராய் அவுன்ஸ், அதாவது 31.1 கிராம். முன்பக்கத்தில் அடால்ஃப் வெயின்மன் 1916இல் அரை டாலருக்காக வடித்த, நடந்து வரும் சுதந்திர தேவி. என் கண்ணுக்கு அமெரிக்க நாணயங்களில் இதைவிட அழகான உருவம் இல்லை. ‘ஐக்’ என்று செல்லமாக அழைக்கப்பட்ட முன்னாள் அமெரிக்க அதிபர் ஐசனாவரின் தலை பதித்த ஐக் டாலர் 1971 முதல் 1978 வரை அச்சானது. நிலவில் இறங்கும் அதன் கழுகு அப்பல்லோ 11 பயணத்தின் சின்னம். புழக்கத்துக்கு வந்தவற்றில் வெள்ளி கிடையாது. செம்பு நடுவே, மேலும் கீழும் செம்பு-நிக்கல் தகடு.

வெள்ளிக்காக வாங்குகிறவருக்கு ஈகிள்தான், பேச்சே இல்லை. சேகரிப்பாளர்களுக்கென்று சான் பிரான்சிஸ்கோவில் அடித்த ஐக் டாலர்களில் 40 விழுக்காடு வெள்ளி உண்டு. நீல உறையில் வந்தது சாதா அச்சு, பழுப்புப் பெட்டியில் வந்தது ப்ரூஃப், அதாவது கண்ணாடிபோல் மெருகேற்றிய சிறப்பு அச்சு. ஆனால் உள்ளே இருக்கும் வெள்ளி அவுன்ஸில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

தரம் என்று வரும்போது கதை மாறுகிறது. நாணயத்தின் நிலையை 1 முதல் 70 வரை எண்ணால் குறிக்கும் ஷெல்டன் அளவுகோலில், 60 முதல் 70 வரை புழங்காத நாணயங்களின் இடம். புதிய ஈகிள்கள் பெரும்பாலும் 69, 70 என்ற இரண்டே படிகளில் வந்து நிற்கின்றன. இந்த ஒரு படி வித்தியாசத்தை வெறுங்கண்ணால் சொல்வது கடினம். ஐந்து மடங்கு பெரிதாக்கிப் பார்த்தாலும் குறை தெரியாததுதான் 70. அண்மை ஆண்டு நாணயத்துக்கு அந்த எண்ணுக்காகக் கூடுதல் பணம் தருவது, ஸ்லாப்பின் (தரம் பார்க்கும் நிறுவனம் நாணயத்தை அடைத்துத் தரும் பிளாஸ்டிக் உறை) தரச் சீட்டுக்குத் தரும் பணம் என்றே நினைக்கிறேன். 1990களின் ஈகிள்கள் வேறு கதை. 1996இல் 36 லட்சம் மட்டுமே அச்சாயின, அவற்றில் 70 கிடைப்பது அரிது. இன்னொரு கவலை, பால் புள்ளி. ஸ்லாப்புக்குள் போய்ச் சில ஆண்டுகள் கழித்தும் வெள்ளைத் திட்டுகள் முளைக்கும். 70 என்று எழுதிய சீட்டின் கீழே அப்படி ஒன்றைப் பார்க்க மனசு வலிக்கும்.

ஐக் டாலரோ கண்ணுக்குப் பாடம் எடுக்கும் நாணயம். செம்பு-நிக்கல் கெட்டியான உலோகம். அச்சு முழுதாக இறங்காத இடத்தில், அடிப்பதற்கு முன் வெற்றுத் தகட்டில் இருந்த கீறல்களே தங்கிவிடும். பிறகு கனமான நாணயங்கள் மூட்டைக்குள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து வடுப்படும். அதனால் 63, 64 எளிதில் அகப்படும். 66 வந்தால் நல்ல நாள். பல ஆண்டுகளின் நாணயங்களில் 67 அபூர்வம். ஒவ்வொரு படிக்கும் இடையே கண்ணால் காணக்கூடிய வேறுபாடு இருக்கிறது. விளக்கின் கீழ் நாணயத்தைச் சாய்த்துச் சுழற்றுங்கள். கன்னமும் தாடையும்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். கீறலின் மேல் பளபளப்பு தடையில்லாமல் ஓடினால் அது தகட்டிலேயே இருந்தது. கீறல் பளபளப்பை அறுத்தால் பின்னால் பட்ட அடி. இதை ஈகிளை வைத்துப் பழக முடியாது.

ஆகவே தரம் பார்க்கக் கற்க விரும்புகிறவருக்கு ஸ்லாப் இல்லாத ஐக் டாலர்கள் பத்து இருபது வாங்கச் சொல்வேன். ஈகிளை வெள்ளி விலையை ஒட்டி, சீட்டு இல்லாமல் வாங்கிக்கொள்ளலாம். 2021இன் நடுவில் பின்பக்கம் மாறியதால் அந்த ஆண்டில் பழைய கழுகு ஒன்று, கிளையோடு தரையிறங்கும் புதிய கழுகு ஒன்று என இரண்டும் சேர்த்து வைத்தால் நன்றாயிருக்கும்.

ஐக் குவியலில் ஆலைக் குறி (எந்த நாணய ஆலையில் அடித்தது என்று காட்டும் எழுத்து) இல்லாத 1972 டாலர் கண்ணில் பட்டால் மட்டும் நிதானியுங்கள். அது பிலடெல்பியாவில் அடித்தது. கழுகுக்கு மேலே உள்ள பூமியில், புளோரிடாவின் கீழே இருக்கும் தீவுகளை லென்ஸ் வைத்துப் பாருங்கள். தீவுகளின் அமைப்பை வைத்து மூன்று வகை பிரிப்பார்கள். இரண்டாவது வகைதான் எல்லோரும் தேடுவது.