பித்து, வெறி, மையல்: சிகாகோ தளத்தில் தமிழ் லெக்சிகன்

சிறுகதைகளைச் செப்பனிட்டுக் கொடுப்பது என் வேலை. அந்த வேலைக்கு நான் அதிகம் நாடுவது சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய மின் அகராதிகள் தளத்தைத்தான். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் முழுவதையும் அங்கே இலவசமாகத் தேடலாம், பதிவு செய்யத் தேவையில்லை. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்து, அப்புறம் ஒரு துணைத் தொகுதியும் கண்ட அகராதி அது. 1926இல் பொறுப்பேற்ற வையாபுரிப் பிள்ளைதான் அதன் பதிப்பாசிரியராக இருந்து முடித்துக் கொடுத்தார்.

ஒரு அகராதியின் தரம் கடினமான சொல்லில் தெரியாது. ஒன்றுக்கொன்று மிக அருகில் நிற்கும் சொற்களில்தான் தெரியும். அண்மையில் எனக்கு ஒரு வடசென்னைக் கதை வந்தது. பந்தயப் புறா வளர்க்கும் ஒருவர், சம்பளத்தில் பாதியைக் கம்புக்கும் கேழ்வரகுக்கும் கொடுத்துவிட்டு மொட்டை மாடியே கதியென்று கிடக்கிறார். எழுதியவர் அவருக்குப் ‘புறா வெறி’ என்று போட்டிருந்தார். எனக்கு உறுத்தியது. சாதி வெறி, மத வெறி, கொலை வெறி என்று நாம் சொல்லும் இடத்தில் எல்லாம் யாரோ ஒருவர் அடிபடப் போகிறார். மொழிப்பற்று என்றால் பாராட்டு, மொழிவெறி என்றால் வசை. இந்த மனிதரோ நாளெல்லாம் வானத்தை அண்ணாந்து பார்ப்பவர்.

லெக்சிகனில் ‘வெறி’யைத் திறந்தால் குடிமயக்கம் இருக்கிறது, கள் இருக்கிறது, மணமும் இருக்கிறது. கூடவே முருகனின் பூசாரியான வேலன் ஆடும் வெறியாட்டு. சங்கப் பாடல்களில் காதலால் மெலிந்த மகளை முருகன் பிடித்து வருத்துவதாக நினைத்துத் தாய் வேலனை அழைப்பாள், அவன் ஆடுவான். வெளியிலிருந்து ஒன்று உள்ளே புகுந்து ஆளை ஆட்டுகிறது என்ற எண்ணம் அந்தச் சொல்லோடு அன்றே ஒட்டியிருக்கிறது. இன்றும் வெறி ‘அடங்குகிறது’, ‘தணிகிறது’ என்றுதான் சொல்கிறோம்.

பித்து வேறு. அது பித்தத்தோடு உறவுள்ள சொல், உடம்புக்குள்ளேயே ஊறுவது. அதனால் தலைக்கேறுகிறது, பிறகு தெளிகிறது. பித்துப் பிடித்தவர் மேல் நமக்கு இரக்கம்தான் வருகிறது, பல நேரம் அன்பும் வருகிறது. சுந்தரர் திருவெண்ணெய்நல்லூரில் சிவனைப் பித்தா என்று விளித்தே பாடத் தொடங்கினார். அப்பர் ஒரு பெண்ணைப் பாடினார்: முதலில் அவள் இறைவன் பெயரைக் கேட்டாள், பிறகு அவன் ஊரைக் கேட்டாள், அப்புறம் அவனுக்கே பிச்சியானாள், அதாவது பித்துப் பிடித்தவளானாள். ‘பெற்ற மனம் பித்து’ என்ற பழமொழியில் அந்த இடத்தில் வெறியை வைத்துப் பாருங்கள், வாக்கியமே தாங்காது.

மையலைத் தேடியபோது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருந்தது. காம மயக்கத்தோடு பைத்தியமும் யானையின் மதமும் அந்த ஒரே சொல்லின் கீழ் நிற்கின்றன. பேதையின் கையில் பொருள் சேர்ந்தால் எப்படி இருக்கும் என்று சொல்லும் 838ஆவது குறளில் வரும் ‘மையல் ஒருவன்’ காதலன் இல்லை, பித்தன். போதாததற்குக் கள்ளும் குடித்தவன். உன்மத்தம் என்றால் பைத்தியம், ஊமத்தையும் அதுவே. விதையைத் தின்றால் புத்தி பேதலிக்கும் செடி, பித்தன் என்று பெயர் பெற்ற சிவனுக்கே சூட்டும் பூ. இப்படி ஒரு சொல்லிலிருந்து இன்னொன்றுக்குப் போய்க்கொண்டே இருக்கலாம். தளத்தில் ஆங்கிலப் பொருளுக்குள்ளும் தேட முடியும் என்பதால், ‘இன்ஃபாச்சுவேஷன்’ என்பதை ஆங்கில எழுத்தில் தட்டி, பிடி நழுவிப் போன தமிழ்ச் சொற்களை மீட்டுக்கொள்ளலாம். எழுதுகிறவர்களுக்கு இந்த வசதி ஒரு வரம்.

மோகம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வெளிநாட்டு மோகம், ஆங்கில மோகம், பதவி மோகம் என்று பெரும்பாலும் பளபளக்கும் பொருள் மேல் வருவது. ‘ஆசை அறுபது நாள், மோகம் முப்பது நாள்’ என்று அதன் ஆயுளையும் நம்மவர்கள் குறித்துவிட்டார்கள். பத்து வருடமாகப் புறா வளர்ப்பவருக்கு அது பொருந்தாது.

கடைசியில் கதை சொல்பவரின் வரிகளில் ‘புறாப் பித்து’ என்று மாற்றினோம். அவர் மனைவி பேசும் இடத்தில் மட்டும் ‘கிறுக்கு’. “இந்த மனுசனுக்குப் புறாக் கிறுக்கு, என்ன சொன்னாலும் காதுல ஏறாது” என்று ஒரு மனைவி சொல்லும்போது கோபமும் உரிமையும் ஒன்றாக வருகின்றன. வெறியை ஒரே ஒரு இடத்தில் விட்டுவைத்தோம். பிள்ளை காய்ச்சலில் முனகிக்கொண்டிருக்க, அவர் பந்தயத்துக்காக மாடிக்கதவை உள்பக்கம் தாழிட்டுக்கொள்ளும் காட்சி அது.

குறைகளும் உண்டு. தளத்தின் பக்கங்கள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. மேற்கோள் நூல்களின் சுருக்கக் குறிகள் புதியவரைத் திணறடிக்கும், அவை பழக நாளாகும். பெரிய குறை காலம் சார்ந்தது. இன்றைய பிள்ளைகள் ‘வெறித்தனம்’ என்று உச்சபட்சப் பாராட்டாகச் சொல்கிறார்கள், 1930களில் முடிந்த அகராதியில் அந்தப் பொருளை எதிர்பார்க்க முடியாது. ஒரு சொல் எங்கிருந்து வந்தது, என்னென்ன சுமந்து வந்தது என்பதை லெக்சிகன் காட்டும். இன்று அது எந்த வாக்கியத்தில் எப்படி உட்காரும் என்பதற்கு எனக்கு க்ரியா பதிப்பகத்தின் தற்காலத் தமிழ் அகராதி வேண்டும். 1992, 2008, 2020 என மூன்று பதிப்பு கண்டது. தமிழில் பொருள், ஆங்கிலத்தில் பொருள், புழக்கத்தில் உள்ள எடுத்துக்காட்டு வாக்கியம் எல்லாம் தரும். அதைக் காசு கொடுத்து வாங்கி மேசையில் வையுங்கள், சிகாகோ தளத்தைக் கணினியில் திறந்து வையுங்கள். கைப்பேசியில் மட்டும் பார்ப்பதென்றால் கொஞ்சம் பொறுமை வேண்டும், ‘வெறி’ போன்ற சொல்லுக்குப் பதிவு நீளமாக ஓடும்.