ஒட்டுத் தென்னங்கன்று: தாய் குட்டையா, நெட்டையா?

நாற்றங்காலில் 'ஒட்டு ரகம்' என்று பலகை மாட்டி விற்கும் தென்னங்கன்றுகள் இரண்டு வகை. நெட்டை மரத்துப் பாளையில் குட்டையின் மகரந்தம் தூவிப் பெற்றது நெட்டை × குட்டை. குட்டை மரத்தில் நெட்டையின் மகரந்தம் தூவிப் பெற்றது குட்டை × நெட்டை. பெயரில் முதலில் வருவதுதான் தாய். (மாங்கன்றைப் போல வெட்டி ஒட்டுவது தென்னையில் நடக்காது. இங்கே ஒட்டு என்றால் மகரந்தக் கலப்புதான்.) இரண்டிலும் பாதிக்குப் பாதிதானே என்று தோன்றலாம். ஆனால் வாங்குகிறவருக்கு ஒரு பெரிய வேறுபாடு உண்டு. ஒன்றில் கலப்பு நடந்ததா என்பதை இலைக்காம்பே காட்டிக்கொடுக்கும். மற்றதில் விற்பவரின் வாக்கை நம்புவதைத் தவிர வழியில்லை.

1932-ல் அன்றைய சென்னை மாகாணத்து நீலேஸ்வரத்தில் கலப்பு தொடங்கியபோது தாயாக இருந்தது நெட்டை. தஞ்சாவூர் மாவட்டத்து வேப்பங்குளம் தென்னை ஆராய்ச்சி நிலையத்தின் வி.எச்.சி. (வேப்பங்குளம் ஒட்டுத் தென்னை) வரிசை ரகங்களும் அப்படித்தான்: கிழக்குக் கடற்கரை நெட்டை தாய், குட்டை தகப்பன். கேரளத்துக் காசர்கோட்டில் உள்ள மத்தியத் தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையத்தில் இரண்டு திசையிலும் செய்தார்கள். மேற்குக் கடற்கரை நெட்டையில் சௌகாட் ஆரஞ்சுக் குட்டையைக் கலந்தது கேரசங்கரா, அதைத் திருப்பிப் போட்டது சந்திரசங்கரா.

நிறக் கணக்கு

ஆரஞ்சுக் குட்டை தன் மகரந்தத்தாலேயே கருவுற்றால் பிறக்கும் கன்றின் காம்பும் ஆரஞ்சுதான். பச்சை நெட்டையின் மகரந்தம் விழுந்திருந்தால் காம்பு செம்பு கலந்த பழுப்பாக வரும். மஞ்சள் குட்டை தாயானால் தற்கலப்புக் கன்று மஞ்சள், ஒட்டுக்கன்று பச்சை அல்லது பழுப்பு. பச்சைக் குட்டை தாயாக இருந்தால் இந்தச் சோதனை கைகொடுக்காது. பச்சை நெட்டையோடு கலந்தாலும் கலக்காவிட்டாலும் கன்று பச்சையாகவே முளைக்கும்.

நெட்டை தாயிலும் இதே சிக்கல்தான். நாட்டு நெட்டையிலேயே பச்சை, பழுப்பு, இடைநிறம் எல்லாம் உண்டு. பாளைக்குக் கட்டிய பை கிழிந்து பக்கத்து மரத்து மகரந்தம் நுழைந்தால் கிடைப்பது சாதாரண நெட்டை. கன்றில் அது தெரியாது. 6, 7 ஆண்டு கழித்தும் பாளை வராதபோதுதான் தெரியும்.

காம்பைப் பார்ப்பதற்குச் சரியான நேரம், முளை விரல் நீளம் வந்ததிலிருந்து இரண்டாம் இலை விரியும் வரை. மண்ணைக் கழுவிவிட்டு, பகல் வெளிச்சத்தில் பத்துக் கன்றுகளை வரிசையாக வைத்து ஒப்பிடுங்கள். தனியாக ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு 'இது பழுப்பா?' என்று கேட்டால் கண் ஏமாற்றும். தண்ணீர் தேங்கினாலும் தழைச்சத்து குறைந்தாலும் ஓலை வெளுக்கும். அதை மஞ்சள் குட்டை என்று எண்ணிவிட வேண்டாம். காம்பின் அடியைப் பாருங்கள்.

இந்தச் சோதனையிலும் ஒரு ஓட்டை உண்டு. பக்கத்தில் பச்சைக் குட்டை நின்று அதன் மகரந்தம் விழுந்தாலும் ஆரஞ்சுக் குட்டையின் கன்று பழுப்பாகத்தான் வரும். தகப்பனிடம் பச்சை இருக்கிறது என்பதை மட்டுமே நிறம் சொல்கிறது, தகப்பன் நெட்டை என்று சொல்வதில்லை. அதற்குக் கழுத்துப் பருமன் பார்க்க வேண்டும். 9 முதல் 12 மாதக் கன்றில் 10 செ.மீ.க்குக் குறையாத சுற்றளவு, ஆறு இலை, சீக்கிரம் பிரிந்த ஓலை இருந்தால் எடுக்கலாம். நட்ட பிறகு மரத்தின் தூர் பானைபோல் பருத்தால் நெட்டை ரத்தம் உறுதி. குட்டைக்குத் தூர் பருக்காது.

மூன்றாவது வழி: உங்கள் வீட்டு மரம்

வீட்டில் ஆரஞ்சு நிறச் செவ்விளநீர்க் குட்டை ஒன்று காய்த்து, சுற்றிலும் நெட்டை மரங்கள் நின்றால், காசில்லாமலே ஒட்டுக்கன்று கிடைக்கும். நெட்டையில் ஆண் பூ கொட்டித் தீர்ந்த பிறகே பெண் பூ தயாராகும். குட்டையில் இரண்டும் ஒரே காலத்தில் இருப்பதால் தற்கலப்பே மிகுதி. ஆனாலும் தேனீயும் காற்றும் சில குரும்பைகளில் நெட்டையைச் சேர்த்துவிடும். கன்று முளைத்ததும் நிறம் பார்த்து அவற்றைப் பொறுக்குவதுதான் வேலை.

11, 12 மாதம் முற்றிய நெற்றுகளைக் கயிறு கட்டி இறக்குங்கள். காதருகே ஆட்டினால் தண்ணீர்ச் சத்தம் வர வேண்டும். வராததைச் சமையலுக்கு அனுப்பலாம். பலர் கோட்டை விடுவது அடுத்ததில்: நெட்டை நெற்றை மணலில் இரண்டு மாதம் வைத்து விதைப்பதுபோல் குட்டை நெற்றையும் வைத்துவிடுகிறார்கள். குட்டைக்கு முளைப்புத்திறன் சீக்கிரம் போய்விடும். இறக்கி 15 நாளுக்குள் போட்டுவிட வேண்டும்.

மணல் கலந்த மண்ணில் ஓரடிக்கு ஓரடி இடைவெளி, முக்கால் அடி ஆழம், அரை நிழல், இரண்டு நாளுக்கு ஒரு தண்ணீர். குட்டை நெற்று 30 நாளிலிருந்து முளைக்கத் தொடங்கும், நெட்டைக்கு 60 நாளாவது ஆகும். 6 மாதத்தில் முளைக்காததைத் தோண்டி எறியுங்கள். கறையான் அரிப்பது விதைத்த முதல் மாதங்களில்தான். அடியில் ஆற்று மணல் பரப்பினால் பெருமளவு தப்பிக்கலாம்.

எதை நடலாம்?

தண்ணீர் குறையாத, தினம் கண்ணில் படும் வீட்டுத் தோட்டத்துக்கு ஆரஞ்சுக் குட்டை தாயான ஒட்டுக்கே எங்கள் ஓட்டு. 4, 5 ஆண்டில் பாளை வரும், கன்றையும் சரிபார்த்து வாங்கலாம். கோடையில் இரண்டு மாதம் கிணறு வற்றும் இடமென்றால் இரண்டு ஒட்டுமே குரும்பை கொட்டும். அங்கே நாட்டு நெட்டைதான் தாங்கும். நெட்டை × குட்டைதான் வேண்டுமென்றால் மகரந்தக் கலப்புப் பதிவேடு வைத்திருக்கும் அரசு அல்லது ஆராய்ச்சி நிலைய நாற்றங்காலில் மட்டும் வாங்குங்கள். சாலையோர வண்டியில் நெட்டை × குட்டை என்று சொல்லி விற்பதைச் சோதிக்க உங்களிடம் கருவி எதுவும் இல்லை.

ஒட்டு மரத்துக்குத் தீனி அதிகம். ஐந்தாம் ஆண்டிலிருந்து மரத்துக்கு ஆண்டுக்கு 50 கிலோ தொழுவுரம், 1.3 கிலோ யூரியா, தலா 2 கிலோ சூப்பர் பாஸ்பேட்டும் பொட்டாஷும், ஆனி-ஆடியிலும் மார்கழி-தையிலும் இரண்டாகப் பிரித்து வைக்க வேண்டும். முதல் ஆண்டில் இதில் கால் பங்கு போதும். மரத்துக்கு மரம் 25 அடி விடுங்கள்; மதில் ஓரத்தில் நட்டால் மட்டை பக்கத்து வீட்டுக்குப் போய்விடும்.

நன்றாகக் காய்க்கிறதே என்று ஒட்டு மரத்தின் நெற்றையே விதைக்காதீர்கள். அடுத்த தலைமுறையில் குணங்கள் சிதறும்: ஒன்று நெட்டையாகும், ஒன்று குட்டையாகும், ஒன்று எதிலும் சேராது. நிறம் பார்த்து ஒதுக்கிய ஆரஞ்சுக் கன்றுகளையும் எறிந்துவிட வேண்டாம். அவை தாயைப் போலவே இளநீர்க் குட்டைகள். அடுக்களைத் தண்ணீர் பாயும் மூலையில் ஒன்று இருக்கலாம்.