நாக்கின் அடியில் வைத்துப் பார்க்கும் கைநுண்ணோக்கி: தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து ஒரு மதிப்பீடு

நின்றுபோன இதயம் மீண்டும் துடிக்கத் தொடங்கியதும் எல்லோருடைய கண்ணும் மானிட்டரில் தெரியும் இரத்த அழுத்தத்தின் மீதே நிலைத்துவிடுகிறது. ஆனால் இரத்தக் குழாய்களைச் சுருக்கும் நோர்அட்ரினலின் மருந்தைச் செலுத்தி ஏற்றிய அந்த எண், மிக நுண்ணிய குழாய்களான தந்துகிகள் வரை இரத்தம் போய்ச் சேர்ந்ததற்குச் சான்றாகாது. அதை நேரில் பார்க்கத்தான் எங்கள் பிரிவில் நாக்கின் அடியில் வைக்கும் இந்தக் கைநுண்ணோக்கியைச் சில மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறோம்.

நுனியைச் சுற்றியுள்ள விளக்குகள் உமிழும் சுமார் 530 நானோமீட்டர் பச்சை ஒளியை ஹீமோகுளோபின் உறிஞ்சிக்கொள்வதால், சிவப்பணுக்கள் வெளிறிய பின்னணியில் கரும்புள்ளிகளாக ஓடுவது திரையில் தெரிகிறது. படத்தின் தெளிவில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரு நோயாளியிடம், 20 மைக்ரோமீட்டருக்கும் குறைந்த விட்டமுள்ள குழாய்களில், ஒன்றில் அணுக்கள் சீராக ஓட, பக்கத்துக் குழாயில் நின்று நின்று நகர, மூன்றாவதில் அசைவற்றுக் கிடந்தன. அந்த நேரத்தில் மானிட்டரில் சராசரி இரத்த அழுத்தம் போதுமான அளவாகவே, 75 மி.மீ. பாதரசம் என்று இருந்தது.

சிக்கல் கையில்தான் தொடங்குகிறது. நுனி சற்றே அழுந்தினாலும் ஓட்டம் தடைபட்டு, நோயின் விளைவு எது, நம் கைப்பிழை எது என்று பிரித்தறிய முடியாமல் போகிறது. தந்துகிகளிலிருந்து இரத்தத்தைத் திரும்பக் கொண்டுசெல்லும் பெரிய நுண்சிரைகளிலும் ஓட்டம் நின்றிருந்தால் முதலில் கையைத்தான் சந்தேகிக்க வேண்டும் என்பதைக் கற்றுக்கொள்ளவே எனக்குப் பல நாள்கள் ஆயின. வாயில் செயற்கைச் சுவாசக் குழாய், தேங்கும் உமிழ்நீர், இறுகிய பற்கள் ஆகியவற்றுக்கு நடுவே குறைந்தது மூன்று இடங்களில் படம் எடுப்பது எளிதன்று. மூளையைக் காக்க உடலை 33 டிகிரி செல்சியஸுக்குக் குளிர்வித்திருந்தால், குளிரே ஓட்டத்தை மந்தமாக்கக்கூடும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

படத்தை நான்கு கால்பகுதிகளாகப் பிரித்து, ஓட்டத்துக்கு 0 (ஓட்டமே இல்லை) முதல் 3 (சீரான ஓட்டம்) வரை கண்ணால் மதிப்பெண் இடுவது படுக்கையருகிலேயே முடிந்துவிடுகிறது. குழாய்களின் அடர்த்தியைக் கணக்கிடும் மென்பொருள் வேலையோ, சிகிச்சை முடிவெடுக்க வேண்டிய நேரம் கடந்த பிறகே முடிகிறது. தவிர, இந்தப் படத்தைக் கொண்டு மருந்தளவை மாற்றினால் நோயாளி பிழைக்கும் வாய்ப்பு கூடும் என்பதற்கு இன்னும் உறுதியான சான்று இல்லை.

எனவே ஆய்விலும் பயிற்சியிலும் ஈடுபட்டுள்ள பிரிவுகளுக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். மற்றவர்கள் விரல்நுனியை அழுத்தி விட்டு நிறம் திரும்ப 3 நொடிகளுக்கு மேல் ஆகிறதா என்று பார்ப்பதையும், திசுக்களுக்கு இரத்தம் போதாதபோது இரத்தத்தில் கூடும் லாக்டேட்டின் அளவு மணிக்கு மணி இறங்குகிறதா என்று கவனிப்பதையும் முதலில் ஒழுங்காகச் செய்தால் போதும்.