மெமுவா, டெமுவா, பழைய பாசஞ்சரா: ஒரு ஹால்ட்டுக்கு எது தோது?

ஸ்டேஷன் மாஸ்டர் இல்லை, சிக்னல் இல்லை. கமிஷனுக்கு டிக்கெட் கொடுக்கும் ஏஜென்ட் ஒருவர், தரையோடு ஒட்டிய பிளாட்பாரம், நிழலுக்கு ஒரு மரம். ஹால்ட் என்றால் அவ்வளவுதான். எக்ஸ்பிரஸ்கள் புழுதி கிளப்பிவிட்டுப் போய்விடும். நிற்கிற ஓரிரண்டு வண்டிகள் எந்த ரகம் என்பதுதான் ஊர்க்காரர்களின் கவலை.

பழைய பாசஞ்சரில் எல்லாப் பெட்டிகளையும் ஒரே எஞ்சின் இழுக்க வேண்டும். வேகம் பிடிப்பதற்குள் அடுத்த ஹால்ட் வந்துவிடும். கடைசி ஸ்டேஷனில் எஞ்சினைக் கழற்றி மறுமுனையில் மாட்டும் வேலை வேறு. ஆனால் உட்கார்ந்து போகிற சுகத்துக்கு இதை அடித்துக்கொள்ள முடியாது. கூட்டமில்லாத நாளில் மேல் பலகையில் ஏறிப் படுத்துத் தூங்கியும் விடலாம்.

மெமு என்பது தனி எஞ்சின் இல்லாத மின்சார ரயில். நான்கு பெட்டிக்கு ஒரு மோட்டார் பெட்டி. தள்ளும் பலம் வண்டி முழுக்கப் பரவியிருப்பதால் நின்ற கையோடு கிளம்பிவிடும். ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு தடவை நிற்கிற தடத்தில் இதன் அருமை தெரியும். இரு முனையிலும் ஓட்டுநர் அறை இருப்பதால் எஞ்சின் மாற்றும் வேலையே இல்லை. மேலே மின்கம்பி இருந்தாக வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை.

கம்பி இல்லாத தடத்துக்கு டெமு, அதாவது டீசலில் ஓடும் அதே மாதிரி வண்டி. இதற்கும் இருமுனை வசதி உண்டு. ஆனால் டீசல் எஞ்சின் பெட்டிக்குள்ளேயே உறுமுவதால், அதை ஒட்டி உட்கார்ந்தால் பக்கத்து ஆளோடு கத்தித்தான் பேச வேண்டும்.

எந்த வண்டி விட்டாலும் சாலை குறுக்கிடும் ரயில்வே கேட் கைகொடுக்காவிட்டால் வீண். அகலப்பாதையாக மாற்றிய திருவாரூர்–காரைக்குடி தடத்தில் 2019இல் டெமு ஓடத் தொடங்கியபோது, கேட் கீப்பர்கள் போதாமல் அவர்களை வண்டியிலேயே ஏற்றிப் போனார்கள். ஒவ்வொரு கேட்டிலும் வண்டி நிற்கும். முன்னால் இருப்பவர் இறங்கி மூடுவார், தாண்டியதும் மறுபடி நின்று, பின்னால் இருப்பவர் திறந்துவிட்டு ஏறிக்கொள்வார். அப்புறம் எங்கே வேகம்?

கட்டணத்தில் மூன்றும் ஒன்றுதான். கொரோனாவுக்குப் பிறகு இதே வண்டிகள் 'எக்ஸ்பிரஸ் ஸ்பெஷல்' ஆனபோது குறைந்தபட்சம் 30 ரூபாய் கொடுத்தோம்; பழைய 10 ரூபாய்க் கட்டணம் திரும்பியது 2024 பிப்ரவரியில்தான்.

என் ஓட்டு மெமுவுக்கு. மூன்று மணி நேரத்துக்கு மேல் பயணம் என்றால் மட்டும் பழைய பாசஞ்சருக்காகக் காத்திருப்பேன். கூடை, மூட்டையோடு ஏறுகிறவர்கள் அப்போதும் மெமுவைத்தான் கேட்பார்கள். அதன் அகலமான கதவு அப்படி.