கேட்டுக்கு மேல் மாட்டிய கேமரா: ஏழு மாத அனுபவம்

எங்கள் வீடு மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், செம்பனைத் (எண்ணெய்ப்பனை) தோட்டத்தை ஒட்டிய தாமானில் (குடியிருப்பில்) கடைசி வீடு. தீபாவளிக்கு வெள்ளை அடித்த மதிலில் இரண்டே வாரத்தில் ஆரஞ்சு நிறத் திட்டுகள். லாரியிலிருந்து உதிர்ந்து ரோட்டோரம் கிடக்கும் செம்பனைப் பழத்தைப் பொறுக்கி யாரோ அடித்திருந்தார்கள். அந்த எண்ணெய்க் கறை சோப்புக்கு மசியவில்லை. மேலே பெயிண்ட் அடித்தேன், நாலு நாளில் மறுபடி கசிந்து வந்தது. அப்புறம் தபால் பெட்டியின் மூடியைப் பிடுங்கினார்கள். ஒரு நாள் வெளியே மீட்டர் பக்கத்துக் குழாயைத் திருகி மூடிவிட்டார்கள். தலையில் ஷாம்பு நுரையோடு குளியலறையில் நின்றேன். சின்ன விஷயங்கள்தான். ஆனால் வாரம் இரண்டு முறை நடந்தால் வீட்டுக்குள் நிம்மதியாக உட்கார முடியாது.

அதனால்தான் ஹார்ட்வேர் கடையில் 139 ரிங்கிட்டுக்கு வைஃபை கேமரா வாங்கினேன். மெமரி கார்டு தனி. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை வைஃபையில் மட்டும்தான் ஓடும் என்று கடையில் சொல்லவில்லை, அதைக் கண்டுபிடிக்கவே அரை நாள் போனது. லென்ஸ் முன்னால் சிலந்தி வலை கட்டினால் இரவில் படம் முழுக்க வெள்ளையாகிவிடும். வாரம் ஒரு முறை துணியால் துடைக்கிறேன். செம்பனைக் குலை லாரி போகும்போதெல்லாம் போன் கத்தியது. செயலியில் கேட் வாசலை மட்டும் கட்டம் போட்டுக் குறித்த பிறகுதான் அடங்கியது.

முகம் தெரியும் என்று நம்பி வாங்காதீர்கள். நான் கூரை ஓரத்தில் உயரமாக மாட்டியதால் குனிந்து ஓடுகிறவர்களின் உச்சந்தலைதான் பதிவானது. ஏழடி உயரத்துக்கு இறக்கிச் சாய்த்து வைத்ததும் கொஞ்சம் தேறியது. எனக்கு உண்மையில் உதவியது நேரம். சிக்கிய மூன்று பதிவிலும் மாலை 4.10க்கும் 4.25க்கும் இடையில், மட்கார்டு இல்லாத பச்சை சைக்கிளில் இரண்டு பேர்.

இதை நான் சொல்லியே ஆக வேண்டும்: அதுவரை எதிர்வீட்டுப் பையன்தான் என்று நினைத்திருந்தேன். அவன் "பாட்டி" என்று கூப்பிட்டாலும் சரியாகப் பேசமாட்டேன். அவனிடம் அந்த சைக்கிளே இல்லை. எத்தனை நாள் அந்தப் பிள்ளை மனசு வாடியிருக்கும்!

வக்கீல் ஆபீஸில் கிராணியாக (குமாஸ்தாவாக) இருக்கும் என் தம்பி, "அக்கா, 25 ரிங்கிட்டுக்கு மேல் சேதம் என்றால் தண்டனைச் சட்டம் 427ஆம் பிரிவில் வரும். ஒன்றிலிருந்து அஞ்சு வருஷம் வரைக்கும் ஜெயில் இருக்கு. பத்து வயசுக்குக் கீழே இருந்தால் குற்றமே கிடையாது. யோசிச்சு செய்ங்க" என்றான். ஒரு மூடிக்காக ஒரு பிள்ளையைப் போலீஸ் நிலையத்தில் உட்கார வைக்க எனக்கு மனம் வரவில்லை. தாமான் வாட்ஸ்அப் குழுவிலும் போடவில்லை, போட்டால் அந்தக் குடும்பம் தலைநிமிர்ந்து நடக்க முடியாது.

சைக்கிளை வைத்து வீட்டைக் கண்டுபிடித்தேன். அம்மா கையுறைத் தொழிற்சாலையில் நைட் ஷிப்ட். "உள்ளே வாங்க அக்கா" என்று நாற்காலி போட்டார். போனை அவர் கையில் கொடுத்தேன். இரண்டு முறை பார்த்தார். "என் பையன்தான். கூட இருக்கறது என் அக்கா மகன்" என்றார். நான் சத்தம் போடவில்லை. மதிலைக் கழுவ ஞாயிற்றுக்கிழமை அனுப்பச் சொன்னேன். இருவரும் வந்தார்கள். கறை பாதிதான் போனது. அதன் பிறகு இந்த மூன்று மாதத்தில் ஒன்றும் நடக்கவில்லை.

வாங்குவதென்றால் 64 ஜிபி கார்டு போடுங்கள். என் 32 ஜிபியில் நாலு நாள்தான் நிற்கும், பிறகு பழையது அழிந்துவிடும். நான் மகள் வீட்டில் ஒரு வாரம் தங்கியபோது தபால் பெட்டியை மறுபடி உடைத்த பதிவு அப்படித்தான் போனது.